கேட்பது கெஞ்சுவது ஆகுமா?

எஸ்.பி.எம். தேர்வு முடிந்து முடிவு வரும்வரை உள்ள மாதங்களில் நம் பிள்ளைகள் பலர் முதல் முறையாக வேலை தேடிப் போகிறார்கள். துணிக்கடை, காலணிக்கடை, மினி மார்க்கெட், பேரங்காடி. கண்ணாடிக் கதவில் 'ஜாவாத்தான் கோசோங்' என்று தாள் ஒட்டியிருக்கும். உள்ளே போய் பாரம் வாங்கி நிரப்பி, ஐ.சி. நகலோடு கொடுக்கிறோம். இரண்டு நாளில் கூப்பிடுகிறார்கள். ஸ்டோர் அறையில், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே பத்து நிமிடப் பேச்சு. சனி, ஞாயிறு வர முடியுமா? நாள் முழுக்க நிற்க முடியுமா? மோட்டார் இருக்கா? கடைசியில் ஒரு வார்த்தை: "சரி, நாங்க கூப்பிடுறோம்."

அதற்குப் பிறகு போன் அடிப்பதில்லை. ஒரு வாரம் போகும், இரண்டு வாரம் போகும். குளிக்கும்போதுகூட போனைப் பக்கத்தில் வைத்திருப்போம். "நீயே ஒரு தடவை கேட்டுப் பாரேன்" என்று யாராவது சொன்னால் நம்மிடம் மூன்று பதில்கள் தயாராக இருக்கும்.

முதலாவது, "கெஞ்சுற மாதிரி இருக்கும்." இரண்டாவது, வீட்டுப் பெரியவர்கள் சொல்வது: "நமக்குன்னு எழுதியிருந்தா தானா வரும்." மூன்றாவது, சமய வகுப்புக்குப் போன பிள்ளைகள் சொல்வது: "கடமையைச் செய், பலனை எதிர்பார்க்காதேன்னுதானே கீதை சொல்லுது?"

மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கீதையிலிருந்தே தொடங்கலாம். இரண்டாம் அத்தியாயத்தின் 47ஆம் சுலோகத்தைத்தான் நாம் இப்படிச் சுருக்கிச் சொல்கிறோம். அதன் கடைசிப் பகுதியைப் பலர் மறந்துவிடுகிறோம். பலனில் பற்று வைக்காதே என்று சொன்ன அதே மூச்சில், செயலற்று இருப்பதிலும் பற்று வைக்காதே என்று கண்ணன் எச்சரிக்கிறார். பலனை விட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதற்கு அந்தச் சுலோகத்தில் இடமே இல்லை.

நம் தாத்தா பாட்டிமார் ரப்பர் தோட்டத்தில் செய்த வேலையை நினைத்துப் பாருங்கள். விடியும் முன்பே மரம் சீவுவார்கள். எவ்வளவு பால் வடியும் என்பது அவர்கள் கையில் இல்லை. மழை வந்தால் அன்றைய உழைப்பே வீண். ஆனாலும் மரத்தைச் சீவிவிட்டு "விதி இருந்தா பால் வரும்" என்று வீட்டில் போய்ப் படுத்ததில்லை. மறுபடியும் வாளியோடு நிரையில் நடந்து, மங்கு மங்காகப் பால் எடுத்தார்கள். எடுக்காமல் விட்டால் பால் மங்கிலேயே கட்டியாகிவிடும். சீவுவது எப்படி வேலையோ, திரும்பிப் போய்ப் பார்ப்பதும் வேலையின் பகுதிதான். இண்டர்வியூவுக்குப் போவது செயல் என்றால், அதன் முடிவைக் கேட்பதும் அதே செயலின் மீதி. விதியை நம்பும் பெரியவர்களுக்கும் இதுதான் பதில்.

அடுத்து, கெஞ்சுவது பற்றி. இதுதான் நம்மை அதிகம் தடுக்கிறது. மானம் பெரிது என்று வளர்ந்தவர்கள் நாம். திருக்குறளில் 'இரவு' 106ஆவது அதிகாரம். அதற்கு அடுத்ததே 'இரவச்சம்'. கையேந்த அஞ்ச வேண்டும் என்பதற்கு ஒரு முழு அதிகாரமே இருக்கிறது. ஆனால் வள்ளுவர் அங்கே பேசுவது, பதிலுக்குத் தர ஒன்றும் இல்லாமல் பிறர் பொருளைக் கேட்கும் நிலையை. வேலை தேடிப் போனவன் தன் உழைப்பைக் கொடுக்க முன்வந்தவன். அவனை எப்படி அந்தக் கணக்கில் சேர்ப்பது?

இன்னும் நுணுக்கமாகப் பார்த்தால், வேலையைக் கேட்பது வேறு, பதிலைக் கேட்பது வேறு. வேலையை யாருக்குக் கொடுப்பது என்பது கடைக்காரரின் உரிமை. அது நமக்குச் சேர வேண்டிய கடன் இல்லை. "எப்படியாவது எடுத்துக்கோங்க சார், வீட்டுல கஷ்டம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னால் அது கெஞ்சுவதுதான். ஆனால் பதில் அப்படி அல்ல. நம் நேரத்தை வாங்கிக்கொண்டார்கள், நம் ஐ.சி. நகலை வைத்திருக்கிறார்கள், "கூப்பிடுறோம்" என்று வாக்கும் கொடுத்தார்கள். வாக்குக் கொடுத்தவரிடம் அதை நினைவூட்டுவதில் என்ன மானக்கேடு?

கடையின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். நம்மிடம் பேசிய சூப்பர்வைசர் பல இடங்களில் முடிவு எடுப்பவர் அல்ல. தலைமை அலுவலகம் ஒப்புதல் தர வேண்டும். நடுவில் ஸ்டாக் எண்ணும் வேலை, ஆள் பற்றாக்குறை, விற்பனைக் காலம். முதலில் தேர்ந்தெடுத்த ஆள் வராமல் போனால் அடுத்தவரைக் கூப்பிடலாம் என்று சில பெயர்களைக் கையில் வைத்திருப்பதும் உண்டு. அதனால் மௌனம் எப்போதும் மறுப்பு ஆகாது. அந்தப் பட்டியலில் இருக்கும்போது ஒரு நல்ல செய்தி அனுப்பினால், இன்னும் ஆர்வமாக இருக்கிறோம் என்பதாவது அவர்களுக்குத் தெரியும்.

இதில் நம் சமூகத்துக்கே உரிய ஒரு வலியும் இருக்கிறது. 'மண்டரின் தெரிந்திருக்க வேண்டும்' என்ற விளம்பரங்களைப் பார்த்துப் பார்த்து, பதில் வராதபோதெல்லாம் "நான் இந்தியன், அதனாலதான்" என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். சில இடங்களில் ஷிஃப்ட் நேரம் ஒத்துவராமல் போயிருக்கும், அல்லது அந்த இடம் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். கேட்காதவனுக்கு எது உண்மை என்று தெரியவே தெரியாது. எல்லா மௌனத்தையும் அவமானமாக எண்ணிச் சேர்த்து வைத்தால், அடுத்த கடைக் கதவைத் தள்ளவே கை வராது.

எப்படிக் கேட்பது? இண்டர்வியூ முடிந்து எழுந்திருக்கும்போதே, "எப்போ முடிவு தெரியும்? யாரிடம் கேட்கலாம்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். அன்றைக்கே நன்றி சொல்லி ஒரு வாட்ஸ்அப். அவர்கள் சொன்ன நாள் தாண்டினால் பெயர், இண்டர்வியூ நடந்த நாள், எந்த வேலை என்ற மூன்றையும் குறிப்பிட்டு ஒரு செய்தி. நேரில் போவதென்றால் வார நாளில், கூட்டம் இல்லாத நேரத்தில் போங்கள். சனிக்கிழமை மாலை கேஷியர் வரிசைக்கு நடுவே போய் நிற்காதீர்கள். ஒரு வாரம் கழித்து இன்னும் ஒரு முறை கேளுங்கள். அதோடு போதும்.

இனி நம் பக்கத்துக் கடனைப் பேசாமல் விட்டால் நியாயமாகாது. இரண்டு கடையில் வேலை கிடைத்து, ஒன்றுக்குப் போய்விட்டு மற்றதற்கு ஒரு வார்த்தைகூட சொல்லாதவர்கள் நம்மில் இருக்கிறார்கள். அங்கே ஒரு சூப்பர்வைசர் முதல் நாள் காலையில் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவர் நமக்குச் செய்தால் அநியாயம், நாம் அவருக்குச் செய்தால் சாதாரணமா?

தீபாவளி விஷயமும் அப்படித்தான். வேலை கிடைக்க வேண்டும் என்று "எல்லா நாளும் வருவேன்" என்று தலையாட்டிவிட்டு, தீபாவளி அன்று போனை அடைத்து வைப்பது பொய் சொன்னதாகத்தான் ஆகும். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி ஊழியருக்கு ஆண்டில் 11 பொது விடுமுறை உண்டு. அதில் 5 நாட்களைச் சட்டமே குறித்துவிட்டது: தேசிய தினம், மாமன்னர் பிறந்தநாள், மாநில ஆட்சியாளர் பிறந்தநாள் அல்லது கூட்டரசுப் பிரதேச தினம், தொழிலாளர் தினம், மலேசிய தினம். அந்த ஐந்தில் தீபாவளி இல்லை. மீதி நாட்களை முதலாளி தேர்ந்தெடுக்கலாம். அதனால் "தீபாவளிக்கு லீவு உண்டா?" என்பதை இண்டர்வியூவிலேயே மரியாதையாகக் கேட்டுவிடுங்கள். சம்பளமும் அப்படியே. 2025 ஆகஸ்ட் 1 முதல் சிறிய கடைகளுக்கும் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். அதற்குக் குறைவாகச் சொன்னால் கேள்வி கேட்பது திமிர் ஆகாது.

இரண்டு முறை கேட்டும் பதில் இல்லையா? இப்போதுதான் கீதையின் அந்தச் சுலோகம் முழுதாகப் பொருந்துகிறது. செய்ய வேண்டியதைச் செய்து முடித்தாகிவிட்டது. இனி அந்தக் கடையை மனதிலிருந்து இறக்கி வைத்துவிட்டு அடுத்த பாரத்தை நிரப்புங்கள்.

தம்பி தங்கைகளே, உங்களில் சிலர் இன்னும் சில வருடத்தில் அதே ஸ்டோர் அறையில் நாற்காலியின் மறுபக்கம் உட்காருவீர்கள். எதிரே பதினெட்டு வயதுப் பிள்ளை ஒன்று கைகளைப் பிசைந்துகொண்டு இருக்கும். எடுக்க முடியாவிட்டால் "இந்த முறை இடம் இல்லை, வந்ததுக்கு நன்றி" என்று ஒரு வரி அனுப்புங்கள். அரை நிமிட வேலைதான். அந்தப் பிள்ளை போனையே பார்த்துக்கொண்டு இருக்காமல் அன்றைக்கே வேறு கடைக்குப் போகலாம்.