செவிலி யார் பக்கம்?

சங்க அகப்பாடல்களில் வரும் செவிலி, தலைவியை வளர்த்தவள், தோழியைப் பெற்றவள். தலைவி காதலனோடு போய்விட்டால் பாலை வழியில் அவளைத் தேடிச் செல்பவளும் அவள்தான். அன்போடுதான் போகிறாள், ஆனாலும் வீட்டின் சார்பில் போகிறாள். வளர்ப்பும் காவலும் சேர்ந்திருக்கும் இந்தச் சொல்லைத்தான் நாம் நர்ஸுக்கு வைத்திருக்கிறோம். திருப்பூர் வட்டாரத்து ஆலைகளை நினைக்கும்போது, தெரிந்தே வைத்தோமோ என்று தோன்றும்.

2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் பவுண்டேஷன், தமிழ்நாட்டு ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் சுமார் 100 பெண்களிடம் பேசி ஒரு செய்தி வெளியிட்டது. மாதவிடாய் வலி என்று சொன்னால் ஒரு மாத்திரை கொடுப்பார்களாம். அதில் மருந்தின் பெயரும் இல்லை, காலாவதித் தேதியும் இல்லை. கொடுத்தவர்கள் பெரும்பாலும் சூப்பர்வைசர்கள். சோதித்துப் பார்த்ததில் ஐபுபுரூஃபன் போன்ற வலிநிவாரணி என்று தெரிந்தது. வீட்டிலும் விழுங்குவதுதானே, இதில் என்ன தவறு என்று கேட்பவர்கள் உண்டு.

மருந்து கொடுக்குமுன் ஐந்தைச் சரிபார்க்க வேண்டும் என்று நர்சிங் மாணவிகள் படிக்கிறார்கள்: ஆள், மருந்து, அளவு, கொடுக்கும் வழி, நேரம். தையல் லைனில் பார்க்கப்படுவது நேரம் மட்டும்தான், அதுவும் ஷிப்மென்ட்டின் நேரம். அவளுக்கு வயிற்றுப்புண் இருக்கிறதா? சிறுநீரகக் கோளாறு? காலையில் சாப்பிட்டாளா? இது மாதவிடாய்தானா, கலைகிற கருவா? இதையெல்லாம் கேட்பதுதான் செவிலியப் பணியின் முதல் வேலை. மாதாமாதம் சுருட்டி இழுக்கும் வலிக்குக் கருப்பைக் கட்டியோ எண்டோமெட்ரியோசிஸோ காரணமாக இருக்கலாம். கேட்காமல் கொடுத்த மாத்திரை அதை ஆண்டுக்கணக்கில் மறைத்துவிடும்.

சிக்கலான இடம் வேறு. பெண்களே அந்த மாத்திரையைக் கேட்டு வாங்குகிறார்கள். அரை நாள் படுத்தால் அரை நாள் சம்பளம் போய்விடும். நோயாளியின் விருப்பத்தை மதிக்க வேண்டும் என்று படித்த செவிலி இங்கே என்ன செய்வாள்? மறுக்கும் செவிலியோடு எனக்கு உடன்பாடில்லை. வலி இருக்கிறது, வீட்டு வாடகையும் இருக்கிறது. கொடுக்கட்டும். கேட்டுவிட்டு, மருந்தின் பெயரைச் சொல்லிக் கொடுக்கட்டும், நோட்டில் எழுதி வைக்கட்டும். ஒரே லைனில் ஒரே வாரத்தில் 20 பேர் வாங்கியிருந்தால், எழுந்து நடக்கக்கூட விடாத டார்கெட்டைப் பற்றியும் அந்த நோட்டு பேசும்.

அந்த நோட்டை யார் புரட்டுவார்கள் என்பதுதான் என் கவலை. யாருக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று நிர்வாகத்துக்குத் தெரிந்தால் ஒருத்தியின் வேலையே போகலாம். 500 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஆம்புலன்ஸ் அறையும் அதற்கு மருத்துவ, செவிலியப் பணியாளர்களும் வேண்டும் என்றது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம். அந்த அறையில் உட்கார்பவளுக்குச் சம்பளம் தருவது கம்பெனி. சர்வதேசச் செவிலியர் மன்றத்தின் நெறிமுறையோ (முதலில் 1953இல் ஏற்கப்பட்டது, பிறகு பலமுறை திருத்தப்பட்டது) செவிலியின் முதற்பொறுப்பு பராமரிப்பு தேவைப்படுபவரிடமே என்கிறது. மாதச் சம்பளத்தை நம்பியிருக்கும் ஒருத்தி, மேலாளர் நோட்டைக் கேட்கும்போது தனியாக நின்று முடியாது என்று சொல்ல வேண்டும் என எதிர்பார்ப்பது நியாயமில்லை. தொழிற்சங்கங்கள் கூலி உயர்வோடு சேர்த்து இதையும் கேட்கலாம்: நோட்டின் சாவி செவிலியிடம் மட்டும் இருக்கட்டும்; எண்ணிக்கை வெளியே வரட்டும், பெயர்கள் வேண்டாம்.