மரண பயமும் சைவநெறியும்

சாவைப் பற்றிப் பேசுவதே அபசகுனம் என்று கருதுவோர் பலர். ஆயினும் நடுச்சாமத்தில் நித்திரை கலைந்து கிடக்கும் வயோதிபரின் நெஞ்சில் "இனி நான் இல்லாமற் போய்விடுவேனோ" என்ற எண்ணம் எழாமல் இருப்பதில்லை. நோவுக்கு அஞ்சுவது வேறு, பிள்ளைகளைப் பிரிய அஞ்சுவது வேறு. இல்லாமற் போவதற்கு அஞ்சுவது இவ்விரண்டிலும் ஆழமானது. அதனைப் பக்திக் குறைவு என்று ஒதுக்குதல் முறையன்று.

13ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் விளங்கிய மெய்கண்டதேவரும் அதனை ஒதுக்கவில்லை. சிவஞானபோதத்தின் 12 சூத்திரங்களுள் மூன்றாவது, உயிர் உண்டு என நிறுவவே எழுந்தது. உடம்பு, பொறி, மூச்சு என ஒவ்வொன்றாகத் தள்ளி, முடிவில் ஒன்றுமே இல்லை என்று ஒருவன் சொல்வானாயின், அப்படி ஆராய்ந்து "இல்லை" என்று சொல்லும் அறிவு எது? அதுவே உயிர் என்கிறார் அவர். "என் வீடு" என்பவன் வீடாகாதது போல, "என் உடம்பு" என்பவனும் உடம்பாகான். அயர்ந்த நித்திரையில் மூச்சு ஓடுகின்றது. உண்பதும் இல்லை, தொழிலும் இல்லை. ஆகவே மூச்சும் உயிரன்று. மூச்சு நின்றதும் உயிர் அழிந்தது என்று கொள்ள இடமில்லை.

இந்த நியாயம் பகலில் நன்றாக விளங்கும். நடுச்சாமத்தில் கைகொடுக்குமா? அதற்காகத்தான் போலும், முன்னோர் மரணவீட்டு முற்றத்தில் உரலையும் உலக்கையையும் வைத்தனர். மாணிக்கவாசக சுவாமிகள் தில்லையில் அருளிய திருப்பொற்சுண்ணம் சாவுப் பாட்டன்று. இறைவன் நீராடுதற்கு வாசனைப் பொடி இடிக்கும் மகளிரின் மகிழ்ச்சிப் பாட்டு அது. அதனைப் பாடி இடித்த சுண்ணமே இறந்தவரின் உடலுக்குச் சாத்தப்படுகின்றது. ஒன்றுமில்லாமற் போனவருக்கு யாராவது மங்கலப் பொடி இடிப்பார்களா? நேரமாகிவிட்டது என்று 20 பாடல்களில் இரண்டோடு நிறுத்திவிடும் வழக்கம் சில இடங்களில் வந்திருப்பது வருந்தத்தக்கது.

2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் திகதி ஆழிப்பேரலை கொண்டுபோனவர்களுள் பலரது உடல் கிடைக்கவேயில்லை. சுண்ணம் சாத்த ஒரு நெற்றி இல்லாத வீடுகள் அவை. முறைப்படி ஒன்றும் செய்யாமல் விட்டதனால் பிள்ளை கதியற்றுப் போயிற்றோ என்று கலங்கும் தாய்க்கும் அந்த மூன்றாஞ் சூத்திரம் உரியது. உயிர் உடம்பினால் உண்டானதன்று. ஆதலால் உடம்பு கிடைக்காமையால் அது தொலைவதும் இல்லை. மார்கழி 26இல் அத்தாய் கோயிலில் ஏற்றிவைக்கும் நெய்விளக்கு, இல்லாத ஒருவருக்காக ஏற்றப்படுவதன்று.