ஏச்சு வேறு, இழிசொல் வேறு

தெலுக் இந்தானில் சமய வகுப்பு முடிந்ததும் ஒரு தம்பி கேட்டான்: "அண்ணே, அப்பா ஏசுறாரு, கூட்டாளி கிண்டல் பண்றான், இன்னொருத்தன் சாதியைச் சொல்லித் திட்டுறான். எல்லாமே இன்சல்ட்தானே?"

இல்லை தம்பி. ஆங்கிலத்திலேயே இன்சல்ட் வேறு, ஸ்லர் வேறு. முன்னது பொதுவான அவமதிப்பு. பின்னது ஒரு கூட்டத்தையே இழிவுபடுத்தும் சொல்.

"ஏன்டா இவ்வளவு லேட்டு?" என்பது ஏச்சு. நேரத்தோடு வந்தால் அது நின்றுவிடும். கூட்டாளியும் சேர்ந்து சிரிக்கும் வரைதான் கிண்டல் கிண்டலாக இருக்கும். "உன்னால எங்கடா முடியும்?" என்றால் அது மட்டம் தட்டுவது, நம்பிக்கையை அரித்துவிடும். இழிசொல்லோ பிறப்பைத் தாக்குகிறது. பிறப்பை யாரால் மாற்ற முடியும்? அங்கே இல்லாத தாத்தா பாட்டிக்கும் சேர்த்துத்தான் அந்த அடி விழுகிறது.

சொல் பிறக்கும்போதே அழுக்காகப் பிறப்பதில்லை. 'கெலிங்' என்பது கலிங்க நாட்டின் பெயரிலிருந்து வந்தது. பினாங்கின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் இன்றும் அந்தப் பெயரோடு நிற்கிறது. அதையே ஒருவன் நம் முகத்துக்கு நேரே வீசினால் வலிக்கிறது. சொல்பவன் நினைப்புதான் அதில் விஷம்.

2011-இல் 'இன்டர்லோக்' நாவல் ஐந்தாம் படிவ மலாய் இலக்கியப் பாடநூலானது. அப்துல்லா ஹுசைன் எழுதி 1971-இல் வெளிவந்த நூல் அது. அதில் இருந்த 'பறையா' என்ற சொல்லுக்கு நம்மவர்கள் கொதித்தெழுந்தார்கள். அந்த ஆண்டின் இறுதியில் நூல் மீட்டுக்கொள்ளப்பட்டது.

சரி, அந்தச் சொல் எங்கிருந்து போனது? பறை என்னும் கருவியின் பெயரை ஒட்டிய பறையர் என்ற தமிழ்ச் சொல்தான் ஆங்கிலத்துக்குப் போனது. பறையில் இழிவு இல்லை. அந்த மக்களை ஒதுக்கி வைத்த நம் சமுதாயம்தான் அதில் இழிவை ஏற்றியது. அடுத்தவன் எழுதினால் கோபப்படுகிறோம். நம் கல்யாண வீட்டிலும் பந்து விளையாடும் திடலிலும் அதே சொல் ஏச்சாக வரும்போது மட்டும் ஏன் வாயை மூடிக்கொள்கிறோம்? அப்படியானால் 2011-இல் நாம் கேட்டது எல்லாருடைய மானத்துக்காகவா, இல்லை நம்மையும் 'அவர்களோடு' சேர்த்துவிட்டார்களே என்பதற்காகவா?

வள்ளுவர் இனியவை கூறலுக்கு ஓர் அதிகாரம், புறங்கூறாமைக்கு ஓர் அதிகாரம், பயனில சொல்லாமைக்கு ஓர் அதிகாரம் என்று தனித்தனியாக வைத்தார். நாவின் குற்றங்களைப் பிரித்துப் பார்க்கச் சொன்ன மரபு நம்முடையது.

ஆகவே இளைஞர்களே, கோபம் வரும்போது ஒன்றை மட்டும் யோசியுங்கள்: நான் சொல்லப்போவது அவன் திருத்திக்கொள்ளக்கூடிய ஒன்றா? ஆமென்றால், அளவோடு ஏசுங்கள். இல்லையென்றால், நாவைக் கட்டுங்கள். பக்கத்தில் ஒருவன் சொன்னாலும், "அப்படிப் பேசாதேடா" என்று அங்கேயே நிறுத்துங்கள்.