ஓதிய நாவும் நிறுத்த கையும்

 

அரபு பாஷைக்கென்று தனியாக ஒரு சக்தி உண்டா? அர்த்தம் தெரியாமல் ஓதினால் பலன் உண்டா? ஈப்போவில் நம் கடைக்கு வரும் வாலிபர்கள் இப்படிக் கேட்கிறார்கள். நாம் ஆலிமல்ல. மத்ரஸாவும் ஆரம்பப் பள்ளியும் கண்டதோடு தராசு பிடிக்க வந்தவர்கள். ஆயினும் நமக்கு நேர்ந்ததைச் சொன்னால் விஷயம் விளங்கும்.

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தோம். இன்று அங்கே லயமுமில்லை, ரப்பருமில்லை, செம்பனை நிற்கிறது. அந்நாளில் மாலைதோறும் லெப்பை பிரம்போடு அமர்ந்து அம்ம ஜுஸ்உவை மனப்பாடம் செய்விப்பார். 83-ஆவது சூராவாகிய அல்முதஃப்பிஃபீனின் 36 ஆயத்துகளையும் பத்து வயதில் பிசகாமல் ஓதி மிட்டாய் வாங்கினோம். அர்த்தத்தை அவரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

பிறகு கடை வைத்தோம். கல்லாவுக்கு மேலே ஆயத்துல் குர்ஸி கண்ணாடிச் சட்டத்தில் தொங்கிற்று. காலையில் கதவைத் திறந்ததும் சூராக்களை ஓதி ஊதுவோம், பரக்கத் வருமென்று. கீழே தராசிலோ, மிளகாயும் பருப்பும் நிறுக்கும்போது டப்பாவின் எடையையும் சேர்த்தே காசு வாங்கினோம். ஊரார் செய்வதுதானே என்று மனசு சமாதானம் சொல்லிற்று.

ஒரு ரமலான் இரவில் தமிழ் தர்ஜமாவை விரித்தோம். 83-ஆவது சூரா எதைப் பற்றியது தெரியுமா? தனக்கென்றால் நிறைய அளந்து வாங்கி, பிறருக்கென்றால் குறைத்து நிறுக்கும் வியாபாரியைப் பற்றியது! முப்பது வருஷமாக நம் நாவிலேயே நம் வழக்கு இருந்திருக்கிறது. அன்று உறக்கம் வரவில்லை.

மறுநாள் முதல் டப்பாவின் எடையைக் கழித்தோம். தெரிந்த வாடிக்கைக்காரர்களிடம் விவரத்தைச் சொல்லி, ஒரு தொகை கொடுத்தோம். ஆள் தெரியாதவர்களுடையதை அவர்கள் பேரால் தர்மம் செய்தோம். பழைய தோட்டத்துப் பாட்டி ஒருவர் காசை வாங்கிக்கொண்டு, "எனக்கு எப்பவோ தெரியும் பாய். நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன்" என்றார். அந்தச் சொல் பிரம்படியைவிட உறைத்தது.

அன்பர்களே! பாஷை மட்டுமே ஈடேற்றம் தருமானால், அபூலஹபுக்கன்றோ முதலில் தந்திருக்க வேண்டும்? அரபு அவன் தாய்மொழி. அபிசீனியாவில் வேர் கொண்ட பிலால் (ரலி) அவர்களும், பாரசீகரான ஸல்மான் (ரலி) அவர்களும் ஈமானால் அல்லவா உயர்ந்தார்கள்! ஒவ்வொரு தூதரும் தம் மக்களின் மொழியிலேயே, அவர்களுக்கு விளங்கும்படி அனுப்பப்பட்டார் என்று 14-ஆவது சூரா உணர்த்துகிறது. இதை அறிந்தே நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதி, வீட்டுப் பெண்டிருக்கும் மார்க்கத்தை எட்டச் செய்தார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்களின் அரபுத்தமிழ்ப் பணி அத்தகையது. அப்துல் ஹமீது பாக்கவி அவர்கள் திருமறையையே தமிழில் தந்தார்கள்.

அப்படியானால் அரபில் ஓதியது வீணா? வீணல்ல! திக்கித் திணறி ஓதுபவருக்கும் இரட்டை நன்மை என்று நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். ஈப்போ பாடாங் அருகே 1908-இல் எழுந்த இந்தியர் பள்ளிவாசலில் தமிழரும் மலாய்க்காரரும் வங்காளதேசத் தொழிலாளியும் தோளோடு தோள் நின்று ஒரே ஃபாத்திஹாவுக்கு ஆமீன் சொல்வது அந்த அரபினால்தான். மேலும், லெப்பை அன்று நெஞ்சில் பதித்திராவிட்டால், தர்ஜமாவைப் படித்த இரவில் அது நம்மை அப்படிக் குத்தியிருக்குமா? விதை அவர் போட்டது. தண்ணீர் ஊற்றாதது நம் குற்றம்.

ஆகவே ஓதுவதை விடாதீர்கள். ஓதியபின் ஓர் ஆயத்தின் அர்த்தத்தையேனும் தமிழில் பாருங்கள். பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். சுவரில் தொங்கும் ஆயத்து கல்லாவைக் காக்குமா என்று கேட்கும் முன், அதன் கீழே நிறுக்கும் கை நேராயிருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் நாவையும் கையையும் ஒன்றாக்கி வைப்பானாக! ஆமீன். வஸ்ஸலாம்.