கடைப் பெயரோடு வந்த கடவுள்

யாழ்ப்பாணத்தில் உடுவில், மருதனார்மடம், சுன்னாகம் பக்கத்துச் சைவ வீடுகளின் சுவாமி அறைகளில் மாட்டியிருக்கும் படங்களில் பல, ஒரு காலத்தில் கலண்டராக வந்தவைதான். வருடம் முடிந்தால் திகதித் தாள் போய்விடும். படத்தைத் தூக்கிப்போட மனம் வராது. அடியிலிருக்கும் புடைவைக் கடையின் பெயரை வெட்டிவிட்டோ வெட்டாமலோ கண்ணாடி போட்டு மாட்டிவிடுவார்கள். வெட்டாமல் விட்ட படத்தில் முருகன் திருவடிக்குக் கீழே நகைமாடத்தின் பெயரும் இலக்கமும் அப்படியே இருக்கும். திருவடிக்குச் சாத்திய சந்தனம் அதன்மேலும் கொஞ்சம் வழிந்திருக்கும். படித்த சைவர் சிலருக்கு இது கூச்சம் தருகிறது. வியாபாரத்துக்காகக் கூலிக்கு வரைந்த படம் வழிபாட்டுக்கு உரியதாகுமா? ஆகும் என்பதே என் கட்சி. அதற்கான நியாயத்தைத் தேடி நம் சமயத்துக்கு வெளியே போகவும் வேண்டியதில்லை.

முதலில் வரைந்தவர்களைப் பார்ப்போம். தென்னாட்டுக் கலண்டர் படங்களின் தலைமகன் கொண்டைய ராஜு (1898–1976). சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். திருவண்ணாமலையில் ரமணர் ஆசிரமத்தில் சில காலம் தங்கியவர். பிறகு நாடகக் கம்பெனியில் திரைச்சீலை எழுதினார். அந்தக் கம்பெனி கலைந்தபோது கோவில்பட்டியில் தங்கிவிட்டார். பக்கத்திலே சிவகாசி அச்சகங்கள். சுப்பையா, ராமலிங்கம் போன்ற சீடர்களோடு அவர் வரைந்த படங்கள் அங்கே அச்சாகி, தமிழர் இருந்த இடமெல்லாம் போய்ச் சேர்ந்தன. அவருடைய தெய்வங்களைக் கவனித்தால் நாடக மேடை தெரியும். பின்னால் மலையும் ஆறும் எழுதிய திரை. முன்னால் முழு வெளிச்சத்தில் நிற்கும் உருவம். கண்கள் மட்டும் நேரே பார்ப்பவரை நோக்கும். முகம் பார்க்காத தெய்வத்தைக் கும்பிட முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கடைப் பெயருக்கோ அடியில் வெற்றிடம்தான். எந்தக் கடை அந்த இடத்தில் ஏறப் போகிறது என்பது வரைகிறபோது யாருக்கும் தெரியாது. மாதிரிப் படத்தைப் பார்த்துக் கடைக்காரர் சொல்லிவைத்த பிறகே பெயர் அச்சாகும். படமும் விளம்பரமும் ஒரே கருவில் பிறந்தவை அல்ல.

ஆகமம் அறிந்தவர்கள் உடனே மறுப்பார்கள்: பிரதிட்டை இல்லை, மந்திரம் இல்லை, வெறும் கடதாசி. ஆலயத்துக்கு அது முற்றிலும் சரி. ஆனால் ஆலயத்தில் எல்லோருக்குமாகச் செய்யும் பரார்த்த பூசைக்குரிய விதியை, வீட்டில் தனக்காகச் செய்யும் ஆன்மார்த்த பூசைமேல் சுமத்துவது எப்படிப் பொருந்தும்? மிசனரிமாரின் அச்சுக்கு அச்சாலேயே பதில் சொல்ல 1849இல் சென்னைக்குப் போய் அச்சியந்திரம் வாங்கிவந்த ஆறுமுக நாவலர், தம் சைவ வினாவிடையில் க்ஷணிக லிங்கம் பற்றிச் சொல்கிறார். மண்ணாலும் அரிசியாலும் சந்தனத்தாலும் அமைத்து, பூசித்ததும் விட்டுவிடுகிற லிங்கம் அது. ஆகமத்தில் நாவலரைவிடக் கறாரானவர் யாழ்ப்பாணத்தில் இல்லை. அவரே ஏற்றுக்கொண்ட வகை இது. ஒரு நேரப் பூசைக்கு அரிசி இடம் கொடுக்குமானால், பல வருடம் நிற்கும் கடதாசி ஏன் கொடுக்காது? சிற்ப நூல்களும் ஓவியத்தைத் தள்ளிவைக்கவில்லை. முழுச் சிலைக்கும் புடைப்புச் சிற்பத்துக்கும் அடுத்தபடியாகச் சித்திராபாசம் என்று அதற்கு ஓரிடம் தந்திருக்கின்றன. மூன்றாவது இடம்தான், ஆனாலும் இடம்.

கூலி என்பது ஒரு குறையே அல்ல. ஸ்தபதியும் கூலி வாங்குகிறார். அதனால் அவர் செய்த விக்கிரகத்துக்கு யாரும் குற்றம் சொல்வதில்லை. இன்னும் சொன்னால், தன் கற்பனையை அடக்கி, வணங்குகிறவர் எதிர்பார்க்கும் உருவத்தையே திரும்பத் திரும்ப வரைகிற கலண்டர் ஓவியர், காட்சிக்கூடத்துக்கு வரைகிறவரைவிட ஸ்தபதிக்கே நெருங்கியவர். கடைக்காரரின் நோக்கம் வேறு, அவர் கடவுளைத் தன் லாபத்துக்குப் பயன்படுத்துகிறார் என்றால், அது உண்மைதான். அப்படியென்றால் கோயில் குழல்விளக்கிலும் மணியிலும் எழுதியிருக்கும் உபயகாரர் பெயர்களையும் கணக்கில் எடுக்க வேண்டும். அந்த எழுத்துக்கு அஞ்சி யாரும் கண்ணை மூடிக்கொண்டு கும்பிடுவதில்லை. கொடுத்தவரின் மனம் எப்படியிருந்தாலும் கும்பிடுகிறவரின் மனம் அதற்குக் கட்டுப்பட்டதல்ல. பெரியபுராணத்தில் சாக்கிய நாயனார் சிவலிங்கத்தின்மேல் பூவுக்குப் பதிலாகக் கல்லெறிந்தே தொண்டரானார். பூக்களின் தரத்தை அங்கே யாரும் அளக்கவில்லை.

எனக்கு உண்மையிலேயே கனமாகப் படும் எதிர்வாதம் வேறு: அச்சுப் படம் கடவுளின் நிறத்தையே மாற்றிவிடுகிறது என்பது. அமெரிக்க மிசன் 1824இல் பெண்கள் பாடசாலை தொடங்கிய ஊர் உடுவில்; உருவ வழிபாட்டைக் கடுமையாக மறுத்த மரபு அது. அதே அமெரிக்காவில், சிக்காகோ விளம்பர ஓவியர் வார்னர் சால்மன் 1940இல் வரைந்த இயேசுவின் முகம் ஐம்பது கோடிக்கு மேல் அச்சாகிப் புரொட்டஸ்தாந்து வீடுகளிலேயே தொங்கியது. வணங்க அல்ல, நினைவுக்கு என்பார்கள், இருக்கட்டும். ஆனால் பலஸ்தீனத்து யூதர் ஒருவர் அந்தப் படத்தில் வட ஐரோப்பியராகிவிட்டார். நம் கலண்டர் தெய்வங்களுக்கும் இது நேர்ந்தது. கருங்கல் மூலவரைக் கும்பிட்ட மக்களுக்கு ரோசாக் கன்னமுள்ள முருகனும் பவுடர் பூசினாற்போன்ற அம்மனும் வந்தார்கள். சந்தை விரும்பிய நிறம் கடவுளின் நிறமாயிற்று. இதற்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. பாதிப் பதில் உண்டு. நல்லூர், செல்வச்சந்நிதி முருகன் கோயில்களின் மூலத்தானத்தில் இருப்பது வேல். அதற்கு முகமும் இல்லை, மேனி நிறமும் இல்லை. அங்கே கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்து கலண்டர் முருகன் முன் விளக்கேற்றுகிறவருக்கு இரண்டும் ஒன்றோடொன்று மோதுவதில்லை. முகம் வேண்டிய இடத்தில் முகம், வேண்டாத இடத்தில் வேல். ஒன்றே போதும் என்று ஆகும்போதுதான் அந்த ரோசாக் கன்னம் ஆபத்தாகிறது.

வழிபடுவதோடு அந்தப் படங்களைக் கலையாகவும் பார்க்கப் பழக வேண்டும். கொண்டைய ராஜு தம் பெயரோடு சீடரின் பெயரையும் சேர்த்து ஒப்பமிட்ட படங்கள் உண்டு. எழுத்து சிறியதாக, ஓரமாக இருக்கும். கண்ணாடி போடுகிறவர்கள் கடைப் பெயரை வெட்டும்போது பல சமயம் அதுவும் சேர்ந்து போய்விடுகிறது. கடைப் பெயரை வெட்டுவதும் விடுவதும் அவரவர் விருப்பம். கத்தி வைக்குமுன் அந்த ஓரத்தை ஒருதரம் பார்த்துக்கொள்ளலாம்.