மாக்கோழியும் போலி எலும்பும்

அகிம்சையைத் தலையாய அறமாகக் கொண்ட நம்மவர்க்குப் பெரும் பாவங்களை விலக்குதல் அரிதன்று. புலாலும் கள்ளும் நம் இல்லங்களின் வாயிலை அணுகுவதில்லை. ஐயம் எழுவதெல்லாம் சிறிய பொருள்களில்தான். அத்தகைய ஒன்றைப் பற்றி இளைஞர் சிலர் எழுப்பும் வினாவை இங்கு ஆராய விழைகின்றோம்.

மரக்கடைசலைப் பொழுதுபோக்காகப் பயிலும் வழக்கம் மேலைநாடுகளில் நெடுநாளாக உண்டு. நம் நாட்டிலும் சிலர் சிறு கடைசல் இயந்திரம் வாங்கி வைத்துக் குங்குமச் சிமிழ், பேனா, விளக்குத்தண்டு முதலியவற்றைக் கடைந்து மகிழ்கின்றனர். கருமரத்தில் கடைந்த சிமிழின் மூடிக்கு ஒரு வெண்குமிழும், விளிம்பிற்கு ஒரு வெண்வளையமும் அமைந்தால் அழகு கூடும். முற்காலத்தில் அவ்வெண்மைக்குத் தந்தத்தையும் எலும்பையும் நாடினர். இன்று அவற்றைப் போன்ற செயற்கைப் பொருள்கள் கிடைக்கின்றன. தேவைப்படுவதோ விரற்கடை அளவுள்ள துண்டு. "உயிர் எதுவும் போகவில்லையே, இதில் குற்றமென்ன?" என்பர் ஒரு சாரார். "எலும்பின் உருவை விரும்புவதே குற்றம், யசோதரனின் மாக்கோழியை மறந்தீரோ?" என்பர் மற்றொரு சாரார்.

யசோதர காவியம் நாம் அனைவரும் அறிந்ததே. உயிர்ப்பலியிட மனம் ஒவ்வாத மன்னன் யசோதரன், தாய் சந்திரமதியின் சொல்லுக்கு இணங்கி, மாவினால் கோழியொன்று செய்வித்துத் தேவியின் முன் வெட்டினான். அங்கே குருதி சிந்தவில்லை. ஆயினும் தாயும் மகனும் மயிலும் நாயுமாகத் தொடங்கிப் பல விலங்குப் பிறவிகளில் உழன்றனர். பொருளில் நிகழாத கொலை எண்ணத்தில் நிகழ்ந்தது. திரவிய ஹிம்சை இல்லாதிருந்தும் பாவ ஹிம்சை இருந்தது.

இக்கதையைக் கொண்டு போலி எலும்பையும் விலக்கிவிடலாமா? விலக்குவதற்கு முன், மன்னன் செய்தது யாது என்று நோக்க வேண்டும். அவன் கோழியின் உருவைச் செய்ததால் வினை சேரவில்லை; 'கோழியைக் கொல்கின்றேன்' என்னும் சங்கற்பத்தோடு வாளை வீசியதால் சேர்ந்தது. வகுப்பறையில் இரு குழந்தைகள் களிமண்ணால் குருவி செய்கின்றனர் எனக் கொள்வோம். ஒரு குழந்தை அதற்குச் சிறகு ஒட்டுகிறது. மற்றொன்று அதன் கழுத்தைத் திருகி, "செத்துப் போ" என்கிறது. மண் ஒன்றே, உருவும் ஒன்றே, மனம் வேறு. திருத்த வேண்டிய குழந்தை எது என்பதில் ஆசிரியர்க்கு ஐயம் எழாது. உமாசுவாமிகளும் தத்துவார்த்த சூத்திரத்தில் ஹிம்சையை வரையறுக்கும்போது, உயிர் நீங்குதலை மட்டும் கூறி அமையாமல், மனம் மொழி மெய்களின் விழிப்பற்ற செயலையும் சேர்த்தே கூறினார்.

வெண்வளையம் கடைபவன் எதனையும் கொல்ல எண்ணுவதில்லை. அவன் நாடுவது வெண்மையும் வழவழப்புமே. ஆதலின் மாக்கோழியின் குற்றம் அவனைச் சாராது. எனினும், அவன் தன்னையே வினவிக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. 'இது உண்மையான எலும்பு' என்று ஒருவர் கூறினால், அவன் அதனைக் கீழே வைத்துவிடுவானா, அன்றி முன்னிலும் மிகுதியாக மகிழ்வானா? கீழே வைப்பவன் விரும்பியது நிறத்தை. மகிழ்பவன் விரும்பியது எலும்பை. அவனுக்கு அகப்படாததால் மட்டுமே போலியோடு நிற்கின்றான். அவனுக்கு மாக்கோழியின் கதை பொருந்தும்.

எண்ணம் தூயதாயின் போதுமா? போதாது. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றனுள் எதனாலும் வினை சேரும் என்பது நம் கொள்கை. எனவே 'போலி' என்னும் சொல்லைக் கேட்டதும் அமைதியடையாமல், அது எதனால் ஆயது என்று கேட்டறிதல் கடமை.

1860-களில் அமெரிக்கப் பில்லியர்ட்ஸ் நிறுவனமொன்று, தந்தப் பந்துக்கு மாற்றுக் காண்பவர்க்குப் பத்தாயிரம் டாலர் பரிசு அறிவித்தது. அம்முயற்சியில் இறங்கிய ஜான் வெஸ்லி ஹயட் உருவாக்கியதே செல்லுலாய்டு. பஞ்சின் நாரும் சூடமும் அதன் மூலப்பொருள்கள். எளிதில் தீப்பற்றுவது அதன் குறை. பின்னர் வந்த கேசின் பிளாஸ்டிக், பாற்புரதத்தைப் பார்மலினில் ஊறவைத்து இறுக்கியது. பொத்தான்களும் பின்னல் ஊசிகளும் பேனாக்களும் அதனால் செய்யப்பட்டன. பால்தானே என்று எண்ணற்க. அதற்கான பாலைத் திரிக்க மரபாகப் பயன்பட்ட உறைபொருள், பால்குடி மறவாக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்பட்டது. எலும்புத் தூளைப் பிசினில் கலந்து வார்த்த 'போலி'களும் உண்டு. பெயர் போலியாக இருப்பினும் அவற்றிலுள்ள கொலை போலியன்று.

குற்றம் குறைந்தவையும் உள்ளன. பாலியெஸ்டர், அக்ரிலிக் பிசின்களால் வார்த்த கட்டைகள் எண்ணெய் வளத்திலிருந்து பெறப்படுவன. 1967-இல் டூபாண்ட் நிறுவனத்தார் உருவாக்கிய கோரியன் போன்ற பலகைகள், அக்ரிலிக்கோடு அலுமினியக் கனிமப் பொடி சேர்ந்தவை. சமையலறை மேடை அமைப்போர் வெட்டிக் கழிக்கும் துண்டுகளே சிறு குமிழ்களுக்குப் போதும். புதிதாக ஒன்றை உண்டாக்கச் செய்யாமல், கழிவையே பயன்படுத்துவது அபரிக்கிரகத்திற்கும் இயைந்தது. தென்னமெரிக்காவின் ஈக்வடார், கொலம்பியா நாடுகளில் வளரும் தாகுவா என்னும் பனையினத்தின் வித்து, முற்றி உலர்ந்தபின் தந்தம் போன்று இறுகி வெளுக்கும். கனிந்து தானே வீழ்வதைப் பொறுக்குவதால் மரத்தை வெட்ட வேண்டுவதில்லை. நம் மண்ணிலேயே வெட்பாலை மரம் உண்டு. அதன் வெண்ணிற மரம் நுண்ணிழையுடையது; கர்நாடகத்துச் சென்னபட்டணத்துக் கடைசல் பொம்மைகளுக்கு அதுவே பெயர்பெற்ற மரம். வெண்மை வேண்டுவோர் எலும்பையே நினைவில் கொண்டு தேட வேண்டிய தேவைதான் யாது?

இங்கே மற்றொன்றையும் கூறுதல் வேண்டும். இல்லறத்தார் விலக்கத்தக்கவை எனச் சிராவக நூல்கள் பதினைந்து தொழில்களை எண்ணுகின்றன. அவற்றுள் தந்த வாணிகத்தோடு அரக்கு வாணிகமும் இடம்பெறுகிறது. அரக்கு என்பது மரக்கிளைகளில் ஒட்டி வாழும் சிறு பூச்சிகள் சுரப்பது. கிளையோடு அதனைச் சுரண்டி எடுத்து உருக்கும்போது மாளும் பூச்சிகள் பல. விரற்கடை வளையத்திற்கு எலும்பு வேண்டாமென்று ஊரெல்லாம் தேடியவர், சிமிழ் முழுமைக்கும் அரக்கு மெருகைப் பூசுவாராயின், தேடிய பயன் என்ன? தாவர எண்ணெய் மெருகு கிடைக்கின்றபோது அதனைக் கொள்ளலே நன்று. பெரிய உயிரின் எலும்பு கண்ணுக்குத் தெரிகிறது. சிற்றுயிரின் சாவு மெருகில் மறைந்துவிடுகிறது.

போலிப் பொருள் வந்ததனால் யானைகள் பிழைத்தனவா என்றும் எண்ணிப் பார்க்கலாம். செல்லுலாய்டு தோன்றி நூறாண்டுகளுக்குப் பின்னரும், 1979-இல் ஏறத்தாழ 13 இலட்சம் என மதிப்பிடப்பட்ட ஆப்பிரிக்க யானைகள், 1989-இல் ஏறத்தாழ 6 இலட்சமாகக் குறைந்தன. 1989-இல் உலக நாடுகள் தந்த வாணிகத்தைத் தடை செய்தன. நம் நாட்டில் 1986-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் இந்திய யானைத் தந்தத்தின் விற்பனையையும், 1991-ஆம் ஆண்டுத் திருத்தம் ஆப்பிரிக்கத் தந்தத்தின் விற்பனையையும் நிறுத்தின. மைசூர்க் கருங்காலி, நூக்கமர இழைப்பு வேலைகளில் தந்தம் இருந்த இடத்தில் இன்று பிளாஸ்டிக் பதிக்கப்படுகிறது, கலை அழிந்துவிடவில்லை. மாற்றுப்பொருள் கைக்கு வழி காட்டும்; வேட்கையைத் தானாக அடக்காது. அடக்குவது சட்டமும் மனச்சான்றும்.

எனவே வினவிய இளைஞர்க்கு நாம் கூறுவது இது. போலி எலும்பைக் கடைதல் பாவமன்று. ஆராயாது கொள்ளுதல் குற்றம். மூலப்பொருளைக் கூற இயலாத விற்பனையாளரிடம் வாங்க வேண்டா. ஐயமுள்ள துண்டை உருப்பெருக்கும் கண்ணாடியால் நோக்கின், எலும்பாயின் கருநிற நுண்துளைகள் பெரும்பாலும் தென்படும். செய்த பொருளை ஒருவர்க்கு ஈயும்போது, 'இது எலும்பன்று, பிசின்' என்று வெளிப்படக் கூறுக. மறைத்தால் வாய்மை விரதம் குறைவதோடு, பார்ப்பவர் உள்ளத்தில் உண்மை எலும்பின் மீது விருப்பத்தையும் விதைத்தவராவீர். கடைசலில் உதிரும் பிளாஸ்டிக் சீவலைக் காற்றில் விடாமலும் எரிக்காமலும் சேர்த்துக் கட்டி அகற்றுக. மண்ணிலும் நீரிலும் வாழும் உயிர்கள் அதனை உண்ண நேரும்.

அணுவிரதம் என்பதற்குச் சிறிய விரதம் என்பது பொருள். சிறிய பொருள்களில் காட்டும் கவனத்தால்தான் அது காக்கப்படுகிறது. ஒரு வெண்வளையத்தைப் பற்றி இத்துணை வினவும் பிள்ளைகள் நம்மிடையே இருக்கின்றனர் என்பது நமக்கு மனநிறைவைத் தருகின்றது. அவ்வினா மறையாதிருக்குமாறு பார்த்துக்கொள்வது பெற்றோர் கடன்.