இருதலைப் புள்ளும் நாககன்னியும்

பழிக்குப் பழி வாங்குதல் அறமாகுமா என்னும் வினாவை இளஞ்சிறார்க்கு விதிமுகத்தாற் கற்பித்தல் அரிது. நம் முன்னோர் அதனைப் புள்ளின்மேலும் நாகத்தின்மேலும் வைத்துக் கதையாகக் கூறினர்.

கண்டிக்குத் தென்மேற்கே உடுநுவரையில் உள்ளது எம்பெக்கே தேவாலயம். 14ஆம் நூற்றாண்டிலே மூன்றாம் விக்கிரமபாகு மன்னன் காலத்திற் கதிர்காமக் கடவுளுக்கு எடுக்கப்பட்டது. அதன் மேளமண்டபத்து மரத்தூண்களிலே அன்னங்களோடும் மல்லரோடும் இருதலைப் புள்ளும் செதுக்கப்பட்டிருத்தலைக் காணலாம். சங்கச் சான்றோர் இப்புள்ளைப் பிரியாத காதலுக்கு உவமை ஆக்கினர். பஞ்சதந்திரமோ மறுபக்கத்தைக் கூறும். ஒரு தலை இன்கனியைத் தானே உண்டது. பங்கு பெறாத மற்றைத் தலை, அதனைப் பழிவாங்கும்பொருட்டு நச்சுக்கனியை விழுங்கியது. வயிறு ஒன்றாதலின் இரண்டும் மடிந்தன.

நாகத்தின் கதை இன்னும் நுட்பமானது. பாரதம் கூறும் நளன் சரிதத்திலே, காட்டுத்தீயினின்றும் தன்னை எடுத்துக் காத்தவனையே கார்க்கோடகன் கடிக்கின்றான். நன்றி கொன்றான் என்று நாம் வெகுள்கின்றோம். ஆயின் அந்நஞ்சு நளனுள் ஒளித்திருந்த கலியையே வருத்தியது. மாறிய உருவம் நளனுக்குக் காவலாயிற்று. தாருகாவனத்து முனிவர் கொல்லுமாறு ஏவிய பாம்பும் இறைவன் மேனியில் அணியாயிற்றன்றோ?

இனித் தொலைக்காட்சி நாகத்தை நோக்குவாம். 2015ஆம் ஆண்டு இந்தியிலே தொடங்கிப் பின்னர்த் தமிழில் ஒலிமாற்றப்பெற்ற ‘நாகினி’ என்னும் தொடரிலே, பெற்றோரைக் கொன்றாரை அழித்தற்கு நாககன்னி பெண்ணுருக்கொண்டு வருகின்றாள். பழி முடித்தலே அவளுக்கு அறம். காண்போரும் அவள் பக்கமே நிற்குமாறு கதை நடத்தப்படுகின்றது. நாகத்தின் உடல் மாறுகின்றது. நஞ்சு நஞ்சாகவே நிற்கின்றது.

பழங்கதைகளிற் பழிவாங்கல் இல்லையோ எனின், உண்டு. பழையனூர் நீலியினும் கொடிய பேய் யாது? அவள் எண்ணியதை முடித்தே விடுகின்றாள். எனினும் கதை அவளுடைய வெற்றியோடு நின்றுவிடவில்லை. வணிகனுக்குப் பிணையாக அளித்த வாக்குத் தவறாது தீப்புகுந்த எழுபது வேளாளரிடத்துச் சென்று நிற்கின்றது. திருவாலங்காட்டு மக்கள் இன்றளவும் போற்றுவது அவர்களையே. பேயின் கதையைச் சொன்னவர் கேட்போனைப் பேயின் பக்கத்தில் விட்டுச்செல்லவில்லை. வேறுபாடு ஈண்டே உளது. உருவங்காட்டும் கருவியில் அன்று.

ஆதலின் தொடரைப் பாராதே என்று மாணாக்கரைக் கடிதல் பயன் தராது. கடிந்தால் அயல் வீட்டிற் பார்ப்பர். முன்னாளிரவு கண்டதை வகுப்பிற் கூறச் செய்து, கார்க்கோடகன் கதையையும் உடன் வைத்து, இரு நாகங்களுள் எது நளனைக் கடித்திருக்கும் என வினாவலாம். கண்டிப் பாடசாலைகளின் ஆசிரியர்க்கு வேறொரு வாய்ப்பும் உண்டு. எம்பெக்கேத் தூணின் முன் மாணாக்கரை நிறுத்தி, நஞ்சுண்ட தலை எதுவென்று காட்டுமாறு கேட்கலாம்.